இழுவை குறைந்த டர்போ எஞ்சின்: ஒரு காரண விசாரணை

நாமக்கல்லிலிருந்தும் சங்ககிரியிலிருந்தும் நாடெங்கும் ஓடுகின்ற சரக்கு லாரிகள், திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்டு விந்தியத்துக்கு அப்பாலும் சென்று பாறையைத் துளைக்கின்ற போர்வெல் ரிக்குகள், கோயம்புத்தூரிலிருந்து மலையேறுகின்ற பேருந்துகள் ஆகிய இவை அனைத்துக்கும் பொதுவான முறையீடு ஒன்று உண்டெனில், அது ‘வண்டி இழுக்க மாட்டேங்குது’ என்பதேயாகும். எஞ்சின் நின்றுவிடவில்லை, விபரீதமான ஓசை ஏதும் எழவில்லை, சமதரையில் காலியாக ஓடும்போது குறையொன்றும் புலப்படவில்லை. ஆயினும் பண்ணாரியைக் கடந்து திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் சுமையோடு ஏறும்போதோ, சேலத்திலிருந்து தொப்பூர்க் கணவாயை நோக்கி ஏறும்போதோ, முன்னர் மூன்றாம் கியரில் ஏறிய இடத்தை இரண்டாம் கியரிலும் முக்கி முனகிக் கடக்க வேண்டியிருக்கிறது. இழந்த வலு எங்கே போயிற்று என்னும் வினா அப்போது பிறக்கின்றது.

இவ்வினாவுக்கு விடை கூறுவோர் பலர். பம்பு, நாசில் பார்ப்பவர் எரிபொருளையும், டர்போ பழுதுபார்ப்பவர் காற்றையும், எஞ்சின் இறக்கிப் போரிங் போடும் பட்டறையார் லைனரையும் ரிங்கையும், அண்மைக் காலத்தில் ஸ்கேனர் வைத்திருப்பவர் சென்சாரையும் சுட்டுகின்றனர். அவரவர் தொழிலுக்கு லாபமான விடையையே அவரவர் கூறுகின்றனர் என்று இதனைத் தள்ளிவிடுதல் எளிது, ஆனால் நியாயமாகாது. ஒவ்வொரு விடையும் ஒரு காலத்து எஞ்சினின் இயல்பிலிருந்து தோன்றியது. அந்த எஞ்சினைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. எஞ்சின் மாறிய பின்னும் விடை மாறாதிருந்ததனால்தான் இன்றைய குழப்பத்தின் பெரும்பகுதி விளைந்தது என்று கருத இடமிருக்கிறது.

வினாவின் அடிப்படை

ருடால்ஃப் டீசல் 1897இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் பரீட்சித்துக் காட்டிய இயந்திரம், காற்றை மட்டும் உள்ளிழுத்து அழுத்தி, அவ்வழுத்தத்தால் பிறந்த உஷ்ணத்தில் எரிபொருளைச் செலுத்தி எரிப்பது. அதன் வலுவை நிர்ணயிப்பது செலுத்தப்படும் எரிபொருளின் அளவு. அந்த எரிபொருளுக்கு எல்லை வகுப்பது உள்ளே இருக்கும் காற்றின் அளவு. ஒரு கிலோ டீசல் முற்றும் எரிவதற்கு ஏறத்தாழ 14.5 கிலோ காற்று தேவை. அதாவது ஒரு லிட்டர் டீசலுக்குப் பத்தாயிரம் லிட்டர் காற்று. நடைமுறையில் இதைவிடக் கூடுதலான காற்று இருந்தால்தான் கரும்புகை எழாது. எரிபொருளின் பத்தாயிரம் மடங்கு கன அளவுள்ள காற்றை எஞ்சின் விழுங்குகிறது என்பதை மனத்திற்கொண்டால், காற்றுவழியில் நேரும் சிறு தடையும் எவ்வளவு பெரிய காரியம் என்பது விளங்கும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பியூக்கி, வெளியேறும் புகையில் வீணாகும் சக்தியைக் கொண்டே உள்வரும் காற்றை அழுத்தலாம் என்று 1905இல் காப்புரிமை பெற்றார். 1920களில் கப்பல் எஞ்சின்களில் அது பலன் தந்தது. 1938இல் ஸௌரர் நிறுவனம் அதை லாரியில் ஏற்றியது. புகையால் ஒரு சக்கரம் சுழல, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் காற்றை அழுத்துகிறது. லாரி எஞ்சின்களில் இத்தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடும்.

இந்த ஏற்பாட்டினால் வலு பெருகியது. ஆனால் காரண விசாரணை கடினமாயிற்று. டர்போ இல்லாத எஞ்சினில் காற்றும் எரிபொருளும் தனித்தனி வழியில் வருவன. ஒன்றின் குறை மற்றொன்றைப் பாதிப்பதில்லை. டர்போ எஞ்சினிலோ, எரிபொருள் எரிந்தால்தான் புகைக்கு வேகம் உண்டு. புகைக்கு வேகம் இருந்தால்தான் காற்றழுத்தம் உண்டு. காற்றழுத்தம் இருந்தால்தான் மேலும் எரிபொருளை எரிக்க இயலும். ஆகவே காற்றழுத்தம் குறைந்திருப்பது டர்போவின் குற்றமாகவும் இருக்கலாம், எரிபொருள் போதாமையின் விளைவாகவும் இருக்கலாம். அழுத்தமானியின் முள் குறைவாக நிற்பதைக் கண்டவுடன் டர்போவைக் கழற்றுகிறவர், காரியத்தைக் காரணமாக எடுத்துக்கொள்ளும் அபாயத்தில் இருக்கிறார். பின்வரும் கொள்கைகள் அனைத்தும் இந்த வட்டத்தை எங்கேனும் ஓரிடத்தில் அறுக்கச் செய்த முயற்சிகளேயாம்.

பம்பும் நாசிலும்

இவற்றுள் மூத்தது எரிபொருட் பட்சம். பாஷ் நிறுவனம் 1927இல் டீசல் பம்பை வெளியிட்டது. இந்தியாவில் 1951இல் பெங்களூரில் நிறுவப்பட்ட மைக்கோ அதனை இங்கேயே செய்யத் தொடங்கியது. பம்பையும் நாசிலையும் கழற்றி மேசை மீது பூட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் சமமாகப் பாய்கிறதா என்று கண்ணாடிக் குழாய்களில் அளந்து பார்க்கும் கேலிப்பிரேஷன் கடைகள் லாரித் தொழில் செழித்த ஊர்களிலெல்லாம் ஏற்பட்டன. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து விட்ட ஜி.டி. நாயுடுவின் காலந்தொட்டு, இயந்திரத்தைப் பிரித்தறியும் ஆர்வம் வேரூன்றிய கொங்கு நாட்டில், கண்ணால் காணவும் எண்ணால் எழுதவும் இயன்ற இந்தப் பரீட்சை மதிப்புப் பெற்றதில் வியப்பில்லை. டர்போ இல்லாத பழைய லேலண்ட், டாடா எஞ்சின்களில் இழுவை குறைந்தால், ஃபில்டர் அடைப்பு, ஃபீட் பம்பின் தளர்ச்சி, நாசில் சொட்டுதல், பம்பின் தேய்மானம், டைமிங் பிறழ்ச்சி ஆகியவற்றுள் ஒன்றே காரணமாக இருக்க மிக்க வாய்ப்புண்டு.

இப்பட்சத்தின் பலவீனம், அது அளித்த பரிகாரத்தின் வெற்றியிலேயே மறைந்திருந்தது. இழுவை போதவில்லையெனில் பம்பின் திருகைச் சற்றே திருப்பி டீசலைக் கூட்டிவிடுவது பலர் கைக்கொண்ட வழக்கம். டர்போ எஞ்சினில் இவ்வாறு கூட்டிய டீசல் புகைக்கு வெப்பம் ஏற்றி, டர்போவை மேலும் விரைந்து சுழலச் செய்து, காற்றழுத்தத்தையும் ஓரளவு உயர்த்திவிடும். எனவே உண்மையான குறை காற்றுவழியின் கிழிந்த ஓஸிலே இருந்தாலும் டீசலைக் கூட்டியவுடன் இழுவை ஓரளவு திரும்பும். நோயாளி எழுந்து நடந்தமையால் மருந்து சரியென்று முடிவு கட்டுவதைப்போல, பம்பே பழுதென்று எல்லோரும் நம்புவர். கிழிசலோ அங்கேயே இருக்கும். புகை வெப்பம் அளவு கடந்து, பிஸ்டனும் டர்போவும் அதற்குரிய விலையைப் பிற்பாடு செலுத்தும். திருகின் மீது முத்திரையிட்டு எஞ்சினை அனுப்பிய நிறுவனத்தார் வலுவைக் கொடுக்க மனமில்லாமல் அவ்வாறு செய்யவில்லை என்பதை வற்புறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காற்றுவழியைச் சந்தேகிப்போர்

டர்போ எஞ்சின் பரவலான பின்னர் காற்றுப் பட்சம் வலுப்பெற்றது. இதன் வாதம் எளியது: எரிபொருள் பல ஃபில்டர்களைக் கடந்து, பூட்டிய உலோகக் குழாய்களில் வருகிறது, காற்றோ ரப்பர் ஓஸ்களிலும் கிளாம்புகளிலும் தங்கியிருக்கிறது, அதிர்வும் வெப்பமும் எண்ணெய்க் கசிவும் ரப்பரைத்தான் முதலில் கெடுக்கும். டர்போவுக்கும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும், இன்டர்கூலருக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள ஓஸ், நிற்கும்போது முழுமையாகத் தோன்றி, சுமையில் அழுத்தம் ஏறும்போது மட்டுமே வாய் திறக்கும் இயல்புடையது. ஆகையால் நிறுத்திய வண்டியில் கண்ணால் பார்த்து ‘ஓஸ் நன்றாக இருக்கிறது’ என்பது பிரமாணமாகாது. காற்றுவழியின் இரு முனைகளையும் அடைத்து, வெளியிலிருந்து மிதமான அழுத்தத்தில் காற்றேற்றி, சோப்பு நீர் தடவிக் குமிழி எழுகிறதா என்று பார்ப்பதே தகுந்த பரீட்சை. எஞ்சினை இயக்காமலேயே செய்யப்படுவதால், மேற்சொன்ன வட்டத்துக்கு வெளியே நின்று சாட்சி கூறுவது இதன் தனிச் சிறப்பு.

இன்டர்கூலரின் பங்கும் இங்கே கருதத்தக்கது. அழுத்தப்பட்ட காற்று 150 பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடும். அதே அழுத்தத்தில் அது 50 பாகைக்குக் குளிர்ந்தால், கணக்கின்படி அதே இடத்தில் சுமார் 30 சதவீதம் அதிகக் காற்று அடங்கும். இன்டர்கூலரின் முகத்தில் சேறும் பூச்சியும் அப்பிக் கிடக்கும் லாரியில், அழுத்தமானி சரியான அளவைக் காட்டியும் இழுவை குறைந்திருப்பது இதனாலேதான். அழுத்தம் உண்டு, காற்று இல்லை.

திருச்செங்கோட்டு ரிக்குகளின் அனுபவம் இப்பட்சத்துக்குப் பெரும் துணையாக அமைகிறது. கருங்கல்லைத் துளைக்கும்போது எழும் கற்பொடி நடுவே, உயரழுத்தக் கம்ப்ரஸரைச் சுழற்றிக்கொண்டு, மணிக்கணக்கில் முழுச்சுமையில் ஓடுவது ரிக் எஞ்சின். ஏர் ஃபில்டர் அடைபட்டால் டர்போ உறிஞ்சும் வலிமை வீணாகிறது. இந்த ஃபில்டர் தடைக்கு, நீரளவில் சுமார் 25 அங்குலம் என்பது கனரக எஞ்சின்களுக்கு வழக்கமாகக் கூறப்படும் எல்லை. ஃபில்டரைத் தட்டி, கம்ப்ரஸர் காற்றால் ஊதிச் சுத்தம் செய்யும் பழக்கம் அடைப்பை நீக்கலாம். ஆனால் தாளில் கண்ணுக்குத் தெரியாத துளையை உண்டாக்கினால், அதன்வழி நுழையும் பொடி டர்போச் சக்கரத்தின் இதழ் விளிம்புகளை அரித்து, பின்னர் லைனரையும் தேய்த்துவிடும். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவேயுள்ள ஓஸின் தளர்ந்த கிளாம்பும் இதே தீங்கைச் செய்யும். ஆனால் அங்கே உறிஞ்சல் இருப்பதால் வெளியே சீறும் ஓசை கேட்பதில்லை.

இத்தனை வலிமையுள்ள வாதமும் ஓரிடத்தில் வழுக்குகிறது. காற்றுவழி என்று சொல்லவேண்டியதை அது டர்போ என்று சுருக்கிவிடுகிறது. டர்போ தானாகக் கெடுவது அரிது. பொடி நுழைந்தோ, எண்ணெய் வாராமலோ, அளவு மீறிய வெப்பத்தாலோதான் பெரும்பாலும் அது கெடுகிறது. மலையேறி வந்த எஞ்சினைச் சில நிமிஷம் வெறுமனே ஓடவிடாமல் உடனே நிறுத்தினால், தண்டில் தங்கிய எண்ணெய் கருகிப் படிந்து அடுத்த முறை எண்ணெய் வரும் வழியை அடைக்கிறது. இக்காரணங்களை ஆராயாமல் பூட்டப்பட்ட புது டர்போ பழையதன் வழியே போகும். எக்ஸாஸ்ட் பிரேக்கின் தகடு முழுதும் திறவாமல் சிக்கிக்கொள்வது, புகையின் ஒரு பகுதியை டர்போச் சக்கரத்தில் படாமல் விலக்கிவிடும் வேஸ்ட்கேட் திறந்தபடியே நின்றுவிடுவது ஆகிய சிறு காரியங்களும் டர்போவின் மீது பழி சுமத்தச் செய்வனவே.

புகை என்னும் பழைய சாட்சி

காற்றா எரிபொருளா என்ற வழக்கைத் தீர்க்க நெடுங்காலம் பயன்பட்ட சாட்சி புகையின் நிறம். கரும்புகையோடு இழுவை குறைந்தால் காற்றுக் குறைவு. புகையின்றி இழுவை குறைந்தால் எரிபொருட் குறைவு. நீலம் எனில் எண்ணெய் எரிகிறது. வெள்ளை எனில் எரியாத டீசல் அல்லது நீர். இந்த லட்சணங்கள் இன்றும் பாடமாகச் சொல்லப்படுகின்றன.

ஆனால் டர்போ எஞ்சினின் பம்பில், காற்றழுத்தத்தை உணர்ந்து அதற்கேற்ப டீசலை அளக்கும் ஒரு சவ்வு வைக்கப்பட்டதுமே இச்சாட்சியின் மதிப்புக் குறைந்தது. காற்று கசியும்போது அழுத்தம் குறைவதை உணர்ந்து பம்பு டீசலையும் குறைத்துவிடும், கரும்புகை எழாது, இழுவை மட்டும் குறையும். லட்சணத்தைப் பார்த்தால் எரிபொருட் குறைவு. உண்மையில் காற்றுக் கசிவு. அந்தச் சவ்வுக்குச் செல்லும் விரலினும் மெல்லிய குழாய் ஒன்று விண்டுபோனாலும் இதே நிலை. கணினி வந்தபின் சென்சார் அவ்வேலையை மேற்கொண்டது. பிஎஸ்-6 என்னும் புகை விதிக்கு உட்பட்ட வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி எஞ்சியிருந்த சாட்சியத்தையும் மறைத்துவிட்டது. எந்தத் தலைமுறை எஞ்சின் என்று கேளாமல் புகையைக் கொண்டு தீர்ப்புச் சொல்வது இனிப் பொருந்தாது.

சிலிண்டருக்குள்ளும் எஞ்சினுக்கு வெளியிலும்

லைனர், ரிங், வால்வு ஆகியவற்றின் தேய்வைக் காரணமாகக் காட்டும் பட்சம் ஒன்றுண்டு. பேக் கம்ப்ரஷன் என்று பட்டறைகளில் வழங்கும் அறிகுறி, அதாவது எண்ணெய் ஊற்றும் வாய்வழியே புகை அடிப்பது, இதற்கு ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது. தேய்வினால் வலு குறைவது உண்மை. எனினும் அது மெல்ல மெல்ல வருவது. காலையில் ஸ்டார்ட் ஆகாமையும் எண்ணெய்ச் செலவும் பெரும்பாலும் அதற்கு முன்னோடிகள். நேற்றுவரை இழுத்த வண்டி இன்று இழுக்கவில்லையெனில் எஞ்சினை இறக்க அவசரப்படலாகாது.

வழுக்கும் கிளட்ச், விடாமல் பிடிக்கும் பிரேக், காற்றுக் குறைந்த டயர் ஆகியவை வலுவை எஞ்சினுக்கு வெளியே தின்பவை. சுமையும் இதில் அடங்கும். 2018இல் மத்திய அரசு அச்சுச்சுமை வரம்பை உயர்த்தியபோது மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன் ஆயிற்று. முந்தைய எஞ்சினே ஏழில் ஒரு பங்கு கூடுதலாக இழுக்க வேண்டுமெனில், ஏற்றத்தில் அது தளர்வதைப் பழுது என்று சொல்வதற்கில்லை.

ஸ்கேனரின் சாட்சியம்

நாடு முழுவதும் 2017 ஏப்ரலில் பிஎஸ்-4 விதியும், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதியும் அமலுக்கு வந்தன. டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்துக்கு 350 பங்கிலிருந்து 50 ஆகவும், பின்னர் 10 ஆகவும் இறங்கியது. இவ்விதிகளோடு பரவலான காமன் ரெயில் அமைப்பில் எரிபொருள் 1,600 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில் பாய்கிறது. எவ்வளவு, எப்போது என்பதைக் கணினி முடிவு செய்கிறது. இழுவையைத் தானாகவே குறைத்துக்கொள்ளும் அதிகாரமும் அதற்கு உண்டு. யூரியாக் கரைசல் தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ, வடிகட்டியில் கரி நிறைந்தாலோ, எஞ்சின் பழுதாகாமலேயே வலு குறைக்கப்படுகிறது. பழைய பட்சங்கள் எவற்றுக்கும் எட்டாத காரணம் இது. இங்கே ஸ்கேனரைத் தவிர வேறு வழியில்லை.

ஆயினும் ஸ்கேனர் காட்டும் குறியெண் குற்றவாளியின் பெயரன்று. ‘காற்றழுத்தம் எதிர்பார்த்ததைவிடக் குறைவு’ என்று அது கூறினால், கிழிந்த ஓஸ், அடைத்த ஃபில்டர், சிக்கிய வேஸ்ட்கேட், வலுவிழந்த இன்ஜெக்டர், பொய் கூறும் சென்சார் ஆகிய ஐந்தும் அதற்குப் பொருந்தும். அழுத்தம் குறைந்ததென்ற செய்தியோடு பழைய வட்டத்துக்குள்ளேயே நாம் மறுபடியும் நிற்கிறோம். ஸ்கேனரின் உண்மையான பயன் குறியெண்ணில் இல்லை. கணினி கேட்ட அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும், சுமையோடு ஏறும்போது, ஒருங்கே வைத்துப் பார்ப்பதில் இருக்கிறது. இப்பயனைப் பெறுவோர் குறைவு. குறியெண்ணை அழித்துவிட்டு வண்டியை அனுப்புவதே பெருவழக்கு.

பழுது தீர்ந்தது பிரமாணமாகுமா

எல்லாப் பட்சத்தாரும் ஒருமுகமாகக் காட்டும் ஆதாரம், ‘மாற்றினோம், சரியாயிற்று’ என்பது. இவ்வாதம் ஆராயத்தக்கது. டர்போவை மாற்றும்போது ஓஸ்கள் கழற்றிப் பூட்டப்படுகின்றன, கிளாம்புகள் இறுகுகின்றன, ஏர் ஃபில்டரும் எண்ணெயும் புதிதாகின்றன. நாசிலைக் கழற்றும்போது டீசல் ஃபில்டர் மாறுகிறது. டேப்பெட் இடைவெளியும் சரிசெய்யப்படுகிறது. ஐந்தாறு மாற்றங்கள் ஒரே நாளில் நிகழ்ந்திருக்க, விலையுயர்ந்த பொருளுக்கே புகழ் சேர்கிறது. இறுகிய கிளாம்பு கணக்கில் வருவதில்லை.

இதற்கு மாறாக, ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றி முன்னும் பின்னும் அளக்க வேண்டும் என்று வற்புறுத்துவோர் உளர். முறையளவில் அது குற்றமற்றது. ஆனால் தவணை கட்டவேண்டிய லாரியும், ஆட்களோடு வெளிமாநிலத்தில் நிற்கும் ரிக்கும் அத்தகைய பொறுமைக்கு இடந்தருவதில்லை என்பதையும் மறக்கலாகாது. இரண்டுக்கும் இடைப்பட்ட வழியாக அனுபவசாலிகள் கைக்கொள்வது பரீட்சைகளின் வரிசை: முதலில் கிளட்ச், பிரேக் முதலிய வெளிக்காரணங்கள், அடுத்து, எஞ்சினை இயக்காமலே காற்றுக் கசிவைப் பார்த்தல், பிறகு டீசல் வரும் வழியில் அழுத்தத்தையும், கண்ணாடிக் குழாயிட்டுக் காற்றுக் குமிழியையும் கவனித்தல், பேக் கம்ப்ரஷன் பார்த்தல், இவையனைத்தும் தெளிந்த பின்னரே சுமையில் காற்றழுத்தத்தையும் புகை வெப்பத்தையும் அளத்தல். நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்துப் பார்ப்பது எதையும் நிரூபிக்காது. சுமையில்லாத எஞ்சினில் டர்போ போதிய அழுத்தம் தருவதில்லை. இவ்விஷயத்தில் ரிக்குக்கு ஒரு சௌகரியம் உண்டு: கம்ப்ரஸரே மாறாத சுமையாக நிற்பதால், மலையைத் தேடிப் போகவேண்டிய அவசியம் அதற்கில்லை.

தீராதவை

வரிசை ஒருவாறு ஒப்புக்கொள்ளப்பட்டாலும் சில வினாக்கள் எஞ்சுகின்றன. எஞ்சினுக்கேற்ற சரியான காற்றழுத்தம், புகை வெப்பம், இன்ஜெக்டரிலிருந்து திரும்பும் டீசலின் அளவு ஆகியவை நிறுவனங்களின் சேவை நிலையங்களில் மட்டும் இருக்க, வெளிப் பட்டறைகள் அனுமானத்தில் வேலை செய்வது எவ்வளவு காலம் பொருந்தும் என்பது ஒன்று. புதுப்பிக்கப்பட்ட டர்போவும் இன்ஜெக்டரும், விலையில் குறைவாயினும், கற்பொடி நிறைந்த தொழிலில் புதியவற்றுக்கு ஈடாகுமா என்பது மற்றொன்று. இருபுறமும் உறுதியாகப் பேசுவோர் உண்டு, ஒரே வேலையில் ஒரே வகை எஞ்சின்களில் இரண்டையும் வைத்து ஒப்பிட்ட கணக்கு இருந்தாலன்றி அதைத் தீர்க்க இயலாது. வெப்பம் ஏறிய பின் மட்டும் தோன்றி, பட்டறைக்கு வருமுன் மறையும் குறையை எவ்விதம் பிடிப்பது என்பதற்கு, வண்டியிலேயே அளவுகளைப் பதிந்துகொண்டு போவதைத் தவிர நல்ல விடை கிடைத்தபாடில்லை.

உயரத்தைப் பற்றிய வினாவும் இவற்றோடு சேரும். உதகையின் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றே மிகுதி. டர்போ தன் வேகத்தைக் கூட்டி அக்குறையை நிரப்புகிறது. அதனால் சமவெளியில் மறைந்திருந்த தளர்ச்சி மலையில் வெளிப்படுகிறது. மேட்டுப்பாளையத்தில் குறையின்றிக் காணப்படும் எஞ்சின் குன்னூரை அடையுமுன் தளர்ந்தால், அதைப் பழுது என்பதா, இயற்கையான எல்லை என்பதா என்று பிரிக்க, அந்த எஞ்சின் புதிதாக இருந்தபோது அதே ஏற்றத்தில் காட்டிய அளவு வேண்டும். வாங்கிய நாளில் அதனை அளந்து எழுதி வைக்கும் வழக்கம் இன்னும் பரவவில்லை.